அப்பாவின் கார், யூலை

யூலை 6, ஞாயிறு

ஆறு மணிக்கே மொறிஸ் காரை மாமரத்து நிழலில் கொண்டுவந்து விட்டேன். கழுவியதில் பிழை இல்லை. துடைத்ததில்தான் பிழை. அப்பாவின் வேட்டித் துண்டை எடுத்து, அவர் செய்வது போலவே வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். முடித்து நிமிரும்போது வெயில் சாய்வாகப் பொனற்றில் விழுந்தது. சிலந்தி வலை போலக் கீறல்கள். எது முந்தியது, எது இன்று நான் போட்டது என்று தெரியவில்லை. கராச்சுக்குள் விட்டு ரோச் அடித்துப் பார்த்தேன். இன்னும் கூடத் தெரிந்தது. இடது கதவில் இருப்பதை இதில் சேர்க்கவில்லை, அது வேறு.

பின்னேரம் ஆஸ்பத்திரி வாட்டில் அப்பா கேட்டார்: "பிள்ளை, நிழலில விட்டோ துடைச்சனீ?"

ஓம் என்றேன்.

யூலை 7

றிப்போட் வரவில்லை.

யூலை 9

நித்திரை இல்லை. கீறல் எப்படி வருகிறது என்பதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். தண்ணீர் கீறாது. பருத்தித் துணியும் தன்பாட்டில் அவ்வளவு கீறாது. நடுவில் அகப்படுகிற மண்தான் கீறுகிறது. இந்த மாதம் சோளகக் காற்று அடிக்கிற அடியில் தோட்டத்துச் செம்மண் முழுவதும் எங்கள் வளவுக்குள்தான். வேட்டித் துணி தட்டை நெசவு. மண் உள்ளே போக இடமில்லாமல் பெயின்றுக்கும் துணிக்கும் இடையில் கிடந்து உருளும், நான் அதன் மேல் கையை ஊன்றித் தேய்த்திருக்கிறேன். மைக்ரோஃபைபர் துவாயின் இழை தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லியது. தண்ணீரையும் தூசையும் இழைகளுக்குள்ளே எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் உருள விடாது.

அம்மா இரண்டு தடவை எழும்பி வந்து லைற்றை நிறுத்தச் சொன்னார்.

யூலை 10

ரவுணில் இரண்டு துவாய் வாங்கினேன். நல்ல தடிப்பு. மூன்றாக வாங்கியிருக்கலாம்.

யூலை 13, ஞாயிறு

இன்று சரியாக வந்தது! எழுதி வைக்கிறேன், அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீர், தூசு எல்லாம் ஓடும் வரை. இரண்டு வாளி வைத்தேன், ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் கழுவுகிற துணியை அலசுவதற்கு. கடைசியில் ஹோஸ் வாயில் இருந்த முனையைக் கழற்றிவிட்டு, பைப்பையும் மெல்லத் திறந்து, கூரையிலிருந்து தண்ணீரைச் சும்மா வழிய விட்டேன். பீச்சி அடித்தால் துளி துளியாக நிற்கும். இப்படி மெதுவாக வழிய விட்டால் தண்ணீர் ஒரு தாள் போலச் சேர்ந்து இறங்கி, போகிற போக்கில் துளிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாதித் துடைப்பு அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு துவாயைப் பொனற்றின் மேல் விரித்துப் போட்டு, உள்ளங்கையால் மெல்ல ஒற்றி, தூக்கினேன். தேய்க்கவே இல்லை. கூரை, கண்ணாடி, பொனற், கதவு, அப்புறம்தான் கீழ்ப்பக்கம். ரயரோரம்தான் மண் கூட, அங்கே பட்ட துவாயைத் திரும்பப் பொனற்றுக்குக் கொண்டுவரக் கூடாது. நாலாக மடித்து, ஒரு பக்கம் நனைந்ததும் மறுபக்கம். இழுக்க வேண்டிய இடத்தில் நேர்கோட்டில், கையின் பாரம் இல்லாமல். ஹெட்லைற் வளையம், பொனற்றின் நடுவில் ஓடுகிற குரோமியப் பட்டி, நம்பர் பிளேற், இவற்றுக்குப் பின்னால் தண்ணீர் ஒளிந்திருக்கும். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒழுகி வந்து கோடு போடும்.

ஒரு துவாய் கை தவறி நிலத்தில் விழுந்தது. உதறிவிட்டுப் பாவிக்க மனம் வரவில்லை. மிச்சத்தை ஒன்றாலேயே முடித்தேன்.

அப்பாவுக்குச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேட்டித் துண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

யூலை 14

துவாய்களை வேறாகத் தோய்த்தேன். துணியை மிருதுவாக்கும் திரவம் போட்டால் இழையில் படிந்து தண்ணீரை உறிஞ்சாமல் போகுமாம். கொடியில் போட்டால் செம்மண் தூசு ஏறும். அறைக்குள் கதிரையில் விரித்திருக்கிறேன்.

யூலை 16

இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை என்கிறார்கள்.

யூலை 17

பொறுக்க முடியாமல் வியாழனிலேயே கழுவினேன், ஒன்பது மணி வெயிலில். பாதியில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. பத்து நிமிடம் கதைத்துவிட்டு வந்து பார்த்தால் கூரை முழுக்க வெள்ளை வெள்ளை வட்டம். கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளை. எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது, தண்ணீர் காய்ந்து போனாலும் சுண்ணாம்பு போகாது. விட்டுவிட்டால் வெயிலில் இறுகிக்கொண்டே வரும். வினாகிரிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, கொஞ்ச நேரம் வட்டத்தின் மேல் வைத்து எடுத்து, உடனே நன்றாக அலசினேன். புதுக் கறை என்றபடியால் போய்விட்டது.

பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர் வடித்த தண்ணீர், அதில் உப்பே இல்லை. கடைசி அலசலுக்குத் தெளித்தால் கறையே வராது. ஒரு போத்தல் வாங்கிப் பொனற்றுக்கு மட்டும் பாவிக்கலாம்.

அழைப்பு மருந்துச் சீட்டு ஒன்றைப் பற்றி. வேறு ஒன்றுமில்லை.

யூலை 19

துவாயில் பச்சை!

கை நடுங்கிவிட்டது. பெயின்ற் கழன்று வருகிறது என்று நினைத்து, சந்தியில் பெயின்ற் அடிக்கிறவரைக் கூட்டி வந்தேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், இது அந்தக் காலத்துப் பெயின்ற், இதற்கு மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத காவல் பூச்சு கிடையாது. வெயிலில் காய்ந்து மாவாகிப் போன மேல் நிறம்தான் துணியில் ஒட்டுகிறது, ஈரம் ஒற்றினால் பயமில்லை, அழுத்தித் தேய்த்தால் தேய்த்த அளவுக்கு நிறம் மெலியும் என்று. பிறகு இடது கதவைப் பார்த்து, "தங்கச்சி, இதை ஒரு மணித்தியாலத்தில எடுத்து விடுவன்" என்றார்.

வேண்டாம் என்றேன். கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல.

அது 1995, ஐப்பசிக் கடைசி. யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த சனம் நாவற்குழிப் பக்கம் மழைக்குள் நெருக்கிக்கொண்டு போகும்போது யாரோ ஒருவருடைய சைக்கிள் ஹாண்டில் உரசியது. மண்ணெண்ணெயில் ஓட்டிய கார், நின்றால் திரும்பப் பிடிக்காது என்று அப்பா நிறுத்தவில்லை. பின் சீற்றில் அப்பம்மாவும் நானும் அரிசி மூட்டையும். அதற்குப் பிறகு எத்தனை பேர் சொல்லியும் அவர் அந்தக் கதவுக்குப் பெயின்ற் அடிப்பிக்கவில்லை. அங்கே நான் துவாயை இழுப்பதே இல்லை, ஒற்றுவது மட்டும்.

யூலை 20, ஞாயிறு

கழுவவில்லை. றிப்போட் வந்தது.

யூலை 22

அண்ணா ரிக்கற் போட்டுவிட்டார்.

யூலை 23

ரோச் அடித்துப் பார்த்தேன். புதுக் கீறல் இல்லை.

யூலை 26

நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஓட்டோ வேண்டாமாம், மொறிஸில்தான் வீட்டுக்கு வருவாராம். ரவுணுக்கு ஓடிப்போய் மூன்றாவது துவாய் வாங்கினேன்.

யூலை 27, ஞாயிறு

நாலரைக்கு எழும்பினேன். காற்று இன்னும் தொடங்கவில்லை. கழுவி, வழிய விட்டு, ஒற்றி, ஆறு மணிக்குள் முடித்துவிட்டேன். ஒழுகட்டும் என்று ஒழுங்கை முனை வரை ஓட்டிப் போய் வந்தேன். ஹெட்லைற் வளையத்திலிருந்து இன்னும் ஒரு துளி வருகிறது. புதுத் துவாயை முன் சீற்றில் வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை பார்க்க வேண்டும். அம்மா கூப்பிடுகிறார்.