சனிக்கிழமைப் படிப்பகக் குறிப்புகள்

மார்ச் 8, 2025
கென்யா என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். சிங்கம், குடிசை, பஞ்சம், வேகமா ஓடுவாங்க. எல்லாம் யூடியூபில் பார்த்ததுதான். சரி என்று ஒரு படத்தை எடுத்தேன். புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி நிற்கிறது, வலது பாதியை நோட்டு அட்டையால் மறைத்திருந்தேன். அட்டையை எடுத்ததும் அந்தப் பக்கம் வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். "டீச்சர், இது எடிட்டிங்!" என்று ஒரே சத்தம். குடிசைப் படத்தைக் காட்டியிருந்தால் ஒருத்தனும் சந்தேகப்பட்டிருக்க மாட்டான் என்பதுதான் எனக்கு உறைத்தது. மேப்பைத் திறந்து அவர்களையே தேடச் சொன்னேன். 1946இல் தொடங்கிய நைரோபி தேசியப் பூங்கா, நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். சாட்டிலைட் படத்தில் பச்சையும் கட்டடமும் ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

மார்ச் 15
இன்று நம்மைத் தேடினோம். 'கன்னியாகுமரி' என்று போட்டால் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இப்போது புதிதாகக் கண்ணாடிப் பாலம், திரும்பவும் சூரிய உதயம். முட்டம் பக்கத்துப் பையன் கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "எங்க வள்ளமும் மீன் ஏலமும் ஒண்ணுலயும் இல்லியே" என்றான். குலசேகரத்தில் அத்தை வீடு இருக்கிற பெண்ணுக்கு ரப்பர் பால்வெட்டைக் காணோம் என்று கோபம். கோபம் நல்லது, விட்டுவிட்டேன். யார் எடுத்தது, எங்கே நின்று எடுத்தார்கள், யார் பார்ப்பதற்காக, எது ஃபிரேமுக்கு வெளியே போனது என்று போர்டில் எழுதி, போன வாரக் கென்யா வீடியோக்களையே திரும்பப் போட்டேன். பாதிக்கு மேல் சுற்றுலாக் கம்பெனிகள் போட்டவை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது பிள்ளைகள், நான் இல்லை.

மார்ச் 22
கரண்ட் இல்லை. கதை சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 29
ஒரு அப்பா வந்து, "பாடத்தை நடத்தாம வாட்ஸ்அப் நடத்துறீங்களாமே" என்றார். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 2024இலிருந்து ஐந்து, ஏழாம் வகுப்பு ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) புத்தகத்திலேயே பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது பாடம் என்றேன். அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் பையனைக் கூட்டிக்கொண்டும் போகவில்லை.

அப்புறம் 2023 மார்ச் சமாச்சாரத்தை எடுத்தோம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவி, பீகார் சட்டசபை வரை சத்தம் போன விஷயம். அப்போது டிஜிபியாக இருந்த, நம்ம மாவட்டத்துக்காரரான சைலேந்திர பாபு, அது பொய் என்று விளக்கினார். ஒரு வீடியோவில் அடித்துக்கொண்டவர்கள் பீகார்க்காரர்களே, இன்னொன்றில் இரண்டு தரப்பும் கோவை உள்ளூர்க்காரர்கள். படம் நிஜம், மேலே எழுதின வரிதான் பொய். எங்கள் வகுப்பில் அசாமிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். அந்த வீடியோ அவன் அப்பா போனுக்கும் வந்ததாம், பாட்டி தினமும் போன் செய்து அழுதாளாம். 'ஃபார்வர்ட் பண்ணினா என்ன குறைஞ்சுபோச்சு' என்று எப்போதும் கேட்கிறவன் இன்று கேட்கவில்லை.

ஏப்ரல் 12
அசாம் பையன் தன் ஊர் வீடியோ கொண்டுவந்தான். திங்கட்கிழமை நமக்குச் சித்திரை ஒன்று, விஷுக்கனி; அதே நாளில் அவர்களுக்குப் புத்தாண்டுப் பண்டிகையான பிஹு தொடங்குகிறது. முதல் நாள் மாடுகளுக்கு. மஞ்சள், உளுந்து அரைத்துப் பூசிக் குளிப்பாட்டி, சுரைக்காய், கத்தரிக்காய்த் துண்டுகளை மாட்டின் மேல் எறிகிறார்கள். "மாட்டுப் பொங்கல்!" என்று இரண்டு பேர் கத்தினார்கள். உடனே முட்டத்துக்காரன் போர்டுக் கேள்வியை எடுத்துவிட்டான்: யார் எடுத்தது? மாமா. ஏன் தெருவைக் காட்டவில்லை? ஒரே சேறு, அதான் மாமா காட்டலை என்று இவன் சிரிக்கிறான். கத்தரிக்காயை ஏன் எறிகிறார்கள் என்பது அவனுக்கும் தெரியவில்லை, பாட்டியிடம் கேட்டு வருகிறானாம். அடுத்த சனி ஈஸ்டருக்கு முந்தின நாள், வகுப்பு கிடையாது. அதற்கடுத்த வாரம் கேட்டு எழுதுகிறேன்.