பெயர் பெயராக

சிங்கப்பூரில் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் குற்றவியல் வழக்குகள்தான் அதிகம். திருட்டு, அடிதடி, போதைப்பொருள், உரிமமில்லாமல் பணம் அனுப்பியது. நான் வழக்கறிஞர் இல்லை, அவர்களுக்குக் கோப்பு தயார் செய்து கொடுப்பவள். போதைப்பொருள் வழக்கென்றால்கூட "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்று உச்சுக்கொட்டும் என் சித்தி, பயங்கரவாதம் என்று காதில் விழுந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். "அவனுக்கெல்லாம் எதுக்கும்மா வக்கீலு? சும்மாவா பிடிப்பாங்க?"

இந்த ஊரில் சும்மா பிடிக்க மாட்டார்கள் என்று எல்லாரும் நம்புகிறோம். நானும்தான். அதனாலேயே சித்திக்குப் பதில் சொல்வது சிரமமாக இருக்கிறது.

2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் ஆட்களைப் பிடித்தபோது 13 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்கள். யீஷூன் எம்ஆர்டி ரயில் நிலையம் அவர்களுடைய இலக்குகளில் ஒன்று என்று அறிவித்தார்கள். அந்தச் சட்டப்படி ஒருவரை ஒரு தடவைக்கு இரண்டு ஆண்டு வரை விசாரணையின்றி வைத்திருக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். ஆலோசனைக் குழு ஒன்று ஆராயும், ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால். குண்டு வெடித்த பிறகு சாட்சி தேடி என்ன பயன் என்ற வாதத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. பயங்கரவாதம் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் உள்துறை அமைச்சின் அறிக்கை வழியாகத்தான் வருகிறது. படம், வயது, என்ன திட்டமிட்டார் என்று நாலு பத்தி. படித்து முடித்தால் விஷயமும் முடிந்தது. குறுக்கு விசாரணையைக் கண்ணால் பார்க்காத ஊரில், நிரூபித்தார்களா என்று கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

2015 கடைசியில் பங்களாதேஷ் ஊழியர்கள் 27 பேரைப் பிடித்து, 26 பேரை ஊருக்கு அனுப்பினார்கள். மறு ஏப்ரலில் வேறு எட்டுப் பேரைத் தடுத்து வைத்தார்கள். அதில் ஆறு பேர் மீதுதான் பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுத்ததாக வழக்கு. நான்கு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஜூலையில் 24 முதல் 60 மாதம் வரை சிறை. அனுப்பப்பட்டவர், தடுத்து வைக்கப்பட்டவர், நீதிமன்றத்தில் நின்றவர் என்று சட்டத்தின் கண்ணில் மூன்று வகை. ஊழியர் தங்குவிடுதியில் எல்லாம் ஒரே வகைதான். பல வருடமாக ஒரே அடுப்பில் சமைத்த பங்களாதேஷ் நண்பரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டதாக நம் தமிழ் ஊழியர் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த நண்பர் மேல் ஒரு புகாரும் இல்லை.

பணம் கொடுத்தது மட்டும், பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கும் அந்தச் சட்டத்தில் குற்றமாகிவிடாது. எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்திருக்க வேண்டும். வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். இவர் பெயரில் பல பேருக்குப் பணம் போயிருந்தது, அதில் ஒரு பெயரைப் பற்றி அவரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். பிஸ்கட் டின் நிறைய ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். பாதி ரசீதில் மை மங்கிவிட்டது. சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்தான் தொகை தெரியும். சிலவற்றின் பின்னால் பால்பாயின்ட் பேனாவில் முருகன் 300, பாய் 250 என்று எழுதியிருந்தது. "அக்கா, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை. நான்தான் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டுவேன்" என்றார். எங்கள் சார் அவர் நல்லவரா கெட்டவரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தச் சீட்டு இவர் காசு, எது அடுத்தவர் காசு, யார் சொல்லி அனுப்பினார் என்று பிரித்து எழுதச் சொன்னார். சம்பளத் தேதியை வைத்துப் பிரித்தேன். அலுப்பான வேலை. கடைசியில் அவர் மேல் குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. எங்கள் பட்டியல்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஆளாளாகப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்கள் தூரத்தில் உதாரணம் தேட வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவர் மீதான ஆதாரத்தையும் தனித்தனியாகப் பார்த்தது. கொலைச் சதியில் குற்றவாளிகள் என்று நின்றது ஏழு பேர், மற்ற 19 பேரை விடுவித்தது. அந்த 26 பேருக்காக வாதாடப் போனவர்கள் வீட்டிலும் ஒரு சித்தி இருந்திருப்பார்.

மும்பைத் தாக்குதல் வழக்கும் அப்படித்தான். கசாப் துப்பாக்கியோடு நடந்த படத்தை உலகமே பார்த்தது, அவனுக்கு எதற்கு விசாரணை என்று கேட்காதவர் குறைவு. அதே விசாரணையில்தான், தாக்குதலுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுத்து உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்கள் 2010 மே மாதம் விடுதலையானார்கள். இறந்த தாக்குதல்காரனின் உடையிலிருந்து எடுத்ததாகச் சொன்ன வரைபடத்தில் ரத்தக்கறையும் இல்லை, கசங்கலும் இல்லை. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தன. கசாப்புக்கு விசாரணை வேண்டாம் என்று விட்டிருந்தால் அந்தக் காகிதத்தை யார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார்கள்?

இதை அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்கு வந்த பெண் கேட்டாள்: "அவங்க நிஜமாவே செய்யலையா, இல்ல ஆதாரம் பத்தலையா?" நல்ல கேள்வி. இங்கேயும் 2008-இல் இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் நடுவில் வசதியாக ஓர் இடம் கிடையாது என்று நீதிபதி வி.கே. ராஜா ஒரு தீர்ப்பில் எழுதினார். சார் அதைச் சொன்னார். அவள் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் முழுத் திருப்தி கிடையாதுதான், ஆனால் அந்த நடு இடம் ஒன்று இருந்தால் அங்கே யாரையெல்லாம் கொண்டுபோய் உட்கார வைப்போம் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது.