என் ராஜினாமாவுக்கு நானே குறிப்பு எழுதினேன்

2022 ஜூன் 6, திங்கட்கிழமை. காலை பத்தரை மணிக்கு ராஜினாமாக் கடிதத்தை எங்கள் அதிகாரியின் மேஜையில் வைத்தேன். படித்தார். இரண்டாக மடித்தார். இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். "டீ சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அந்த இழுப்பறையை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் போன கடிதத்துக்கு டைரி நம்பர் விழாது. டைரி நம்பர் இல்லாத கடிதம் வந்ததாகவே கணக்கில்லை. பதின்மூன்று வருடம் அந்த டைரியைப் பராமரித்தவளே நான்தான்.

திருச்சியில் ஒரு மத்திய அரசு அலுவலகம். பெயர் வேண்டாம். 2009-ல் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன், அப்புறம் யு.டி.சி., மேல்நிலை எழுத்தர். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். இருநூற்றுச் சொச்சம் பேருடைய சர்வீஸ் புக், லீவு, இன்கிரிமென்ட், மாறுதல், ஓய்வு எல்லாம் எங்கள் பிரிவு. ராஜினாமாவும் எங்கள் பிரிவுதான். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலை. ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவர் மாறுதல் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனார், இரண்டு நாற்காலியிலும் ஆள் வரவில்லை. மூன்று மேஜையும் என்னுடையதாயின. ஒன்றில் கோப்பு, ஒன்றில் தபால், ஒன்றில் சாப்பாட்டு டப்பா.

ஏன் விட்டேன் என்று எல்லாரும் கேட்டார்கள். கும்பகோணத்தில் என் அக்கா ஒரு மெஸ் நடத்துகிறாள். மதியம் எழுபது, எண்பது இலை விழும். அவளுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மூட அவளுக்கு மனமில்லை. எனக்கோ அந்த அடுப்படியில் நிற்க ரொம்ப நாளாகவே ஆசை. அவ்வளவுதான். "அரைக்காசு உத்தியோகம்னாலும் அரசாங்க உத்தியோகம், அதை விட்டுட்டு சோறு போடப் போறியா?" என்று அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அதை இங்கே நீட்ட வேண்டாம்.

நான் நீட்ட விரும்புவது கோப்பின் கதையை.

தனியார் கம்பெனி என்றால் நோட்டீஸ் நாள் முடிந்ததும் கிளம்பிவிடலாம். மத்திய அரசில் நிரந்தர ஊழியருடைய ராஜினாமா கொடுத்த அன்றைக்கே நடப்புக்கு வராது. நியமன அதிகாரி அதை ஏற்க வேண்டும், அதற்குப் பிறகு ரிலீவ் செய்ய வேண்டும். இரண்டும் நடக்கும்வரை நாம் ஊழியர்தான். வேலைக்கு வராவிட்டால் அனுமதியில்லாமல் வராமல் இருந்த குற்றம். இதில் வேடிக்கை என்னவென்றால், தற்காலிக ஊழியர் 1965-ஆம் வருடத்து விதியின் 5-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், யாரும் ஏற்க வேண்டியதில்லை. இருபது வருடம் முடித்தவர் விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, அதற்குள் மறுப்பு வராவிட்டால் தானாகவே ஓய்வு பெற்றுவிடுவார். நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் என்னைப் போல பதின்மூன்று வருடக்காரர்கள்.

இதற்கு 1988 பிப்ரவரி 11 தேதியிட்ட ஒரு அலுவலகக் குறிப்பாணை இருக்கிறது. எனக்கு மனப்பாடம். விருப்பமில்லாத ஊழியரை வைத்துக்கொள்வதில் அரசுக்கு நன்மை இல்லை, ஆகவே ராஜினாமாவை ஏற்பதே பொது விதி என்று அது சொல்கிறது. கூடவே விலக்குகளையும் சொல்கிறது. சஸ்பென்ஷனில் இருப்பவர் என்றால் வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும். முக்கியமான வேலையில் இருப்பவர் என்றால், மாற்று ஏற்பாடு ஆன பிறகுதான் ஏற்க வேண்டும்.

ராஜினாமா தெளிவாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்த வரியை வைத்து நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். 2016-ல் ஒரு டிரைவர், "எனக்கு ஊருக்கு மாறுதல் தர இயலாவிட்டால் இதையே என் ராஜினாமாவாகக் கருதவும்" என்று எழுதிக்கொடுத்தார். நிபந்தனையுள்ளது என்று இரண்டு வரி நோட் போட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை கூப்பிட்டு, அண்ணே இப்படி எழுதுங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். குற்றப்பத்திரிகை, விசாரணை, கடைசியில் பணிநீக்கம். அந்தக் கோப்பையும் நான்தான் கட்டி மூடினேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை முதல் வாரம் இரண்டாவது கடிதம் எழுதி, டைரியில் நானே நம்பர் போட்டு, தபாலோடு சேர்த்து உள்ளே அனுப்பினேன். இந்தத் தடவை இழுப்பறையில் போட முடியவில்லை. "நிர்வாகப் பிரிவு — புட் அப்", அதாவது குறிப்பெழுதிக் கோப்பாக முன்வைக்கவும் என்று மூலையில் எழுதி வெளியே அனுப்பினார். நிர்வாகப் பிரிவு என்றால் நான். என் ராஜினாமா என் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

சொந்த விஷயத்தின் கோப்பை நாமே கையாளக் கூடாது. எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த சூப்பரின்டென்டென்ட், "எங்களுக்கு அந்த ரூல்லாம் தெரியாதும்மா, நீயே ஒரு டிராஃப்ட் போட்டுக் கொடு, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். போட்டேன். "மேற்படி ஊழியர் சொந்தக் காரணங்களை முன்னிட்டுப் பணியிலிருந்து விலக விரும்புகிறார். அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை. நியமன அதிகாரிக்குப் பரிந்துரைத்து அனுப்பலாம்." மேற்படி ஊழியரைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாக நான் அதுவரை எழுதியதில்லை.

நான்கு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே சொல்: "பேசவும்."

பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். "உன்னை அனுப்பிட்டா சம்பள பில்லுக்கு யாரும்மா? டிசம்பருக்குள்ள ஆறு பென்ஷன் கேஸ் போகணும்" என்றார். அவருக்கும் மேலே ஆள் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தது. ஆகஸ்டில் பதில் எழுத்தில் கிடைத்தது: ஊழியர் முக்கியமான பணியில் இருப்பதால், மாற்று ஏற்பாடு ஆகும்வரை கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது. பதின்மூன்று வருடத்தில் என் வேலை முக்கியமானது என்று எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாற்று ஏற்பாடு எப்போது என்று கேட்டால், பணியிடம் காலியானால்தானே ஆள் கேட்க முடியும் என்றார்கள். பணியிடம் எப்போது காலியாகும் என்றால், மாற்று ஏற்பாடு ஆன பிறகு.

அந்த மாதங்களில் இரவில் போனை வைத்துக்கொண்டு இதே மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். கண்ணன் கோபிநாதன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 2019 ஆகஸ்டில் ராஜினாமா கொடுத்தார். அதை ஏற்காமல், 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் பணிக்குத் திரும்பச் சொன்னார்கள். ஏர் இந்தியா ஊழியர் ஒருவரின் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விலகுவது ஊழியரின் உரிமை, விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது என்றது. படித்ததும் துள்ளினேன். அதே வருடம் ஆகஸ்டில், உத்தரப் பிரதேச அரசு டாக்டர்களின் விருப்ப ஓய்வைப் பொதுநலன் கருதி அரசு மறுக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அங்கே விதியே வேறு, விஷயமும் விருப்ப ஓய்வு. ஆனாலும் துள்ளல் அடங்கிவிட்டது. டாக்டர் பற்றாக்குறை என்றால் புரிகிறது. யு.டி.சி. பற்றாக்குறையும் பொதுநலனா?

மத்திய அரசு ஊழியர் வழக்குகளைப் பார்க்கும் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மனுக் கட்டணம் வெறும் ஐம்பது ரூபாய்தான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஆனால் மேலே கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருந்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். சென்னையில் இருக்கும் நியமன அதிகாரிக்கே மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூடவே பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி, என் ஜூலைக் கடிதம் சென்னைக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில் என்று எங்கள் அலுவலகத்துக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு.

மனு வந்தது. "நிர்வாகப் பிரிவு — தகவல் தரவும்" என்று என் மேஜைக்கே வந்தது.

முப்பது நாள் கெடு. பத்தாவது நாளே எழுதிக்கொடுத்தேன்: "கடிதம் இதுவரை அனுப்பப்படவில்லை." அதிகாரி அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பதிலில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் என் கோப்பு சென்னைக்குக் கிளம்பியது.

அதற்குப் பிறகு வழக்கமானதுதான். ஊழல் புகார் இல்லை என்ற விஜிலன்ஸ் கிளியரன்ஸ், பாக்கி இல்லை என்ற நோ டியூஸ், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பது. ஜனவரியில் ஆணை வந்தது. 2023 ஜனவரி 31 பிற்பகல் முதல் ரிலீவ். தபால் பிரிவிலிருந்து ஒரு தம்பியை என் இடத்துக்குப் போட்டார்கள். அவனை ஜூனிலேயே போட்டிருக்கலாம்.

பணக் கணக்கு கேட்பவர்களுக்காக: ராஜினாமா என்றால் முந்தைய சர்வீஸ் போய்விடும், கிராஜுவிட்டி கிடையாது. வேறொரு அரசு வேலைக்கு முறைப்படி அனுமதி வாங்கிப் போனால்தான் சர்வீஸ் தொடரும், மெஸ் அதில் சேராது. ஈட்டிய விடுப்பில் பாதிக்குத்தான் காசு, அதுவும் 150 நாளுக்கு மேல் இல்லை. எனக்கு 212 நாள் இருந்தது, 106 நாளுக்குக் கிடைத்தது. என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த தொகையில் இருபது சதவீதம் கையில், மிச்சத்துக்கு ஆன்யூட்டி, அதாவது தவணையாக வரும் ஓய்வூதியம்.

கடைசி நாள் மதியம் என் சர்வீஸ் புக்கில் கடைசி வரியை எழுத வேண்டியிருந்தது. தம்பிக்கு வாசகம் தெரியவில்லை. "அக்கா, நீங்களே எழுதிடுங்க." எழுதினேன். அதில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். "தொண்ணூறு நாளுக்குள்ள மனசு மாறினா சொல்லும்மா, ரூல்ல இடம் இருக்கு" என்றார். இருக்கிறதுதான். அதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை. சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன். இன்னும் மூன்று நாள் பாக்கி என்று எண்ணிக்கொண்டே எடுத்தேன்.

"ராஜினாமாவுக்கு ஒரு டிராஃப்ட் நோட் போட்டியேம்மா, அது எந்த ஃபைல்ல இருக்கு?"

"யாருக்கு சார்?"

"அந்தத் தபால் பையன்தான். பேங்க்ல வேலை கிடைச்சிருச்சாம்."

இரண்டாவது பீரோ, மேல்தட்டு, என் பேர் போட்ட கோப்பு என்றேன். கடுகு கருகிவிட்டது.