கெர்பாவ் ரோட்டுக் கடைவீடு விடுதியான கதை

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்றும் அழைக்கப்படும் தேக்காவில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீட்டை விடுதியாக்க நினைப்பவர்கள் பலரும் கட்டில், திரைச்சீலை என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த இடத்தில் விடுதி நடத்த அனுமதி உண்டா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். எல்லாத் தெருவிலும் கிடைத்துவிடாது. எங்களுக்குக் கிடைத்தது, தலைவலி அதன் பிறகுதான்.

எங்களுடையது கெர்பாவ் ரோட்டுப் பக்கம், குடும்பச் சொத்தாக வந்த ஈரடுக்குக் கடைவீடு. ஒரு காலத்தில் அந்த வட்டாரமே மாட்டு வியாபாரத்தில்தான் பிழைத்தது. மேய்ச்சலுக்குப் புல் இருந்தது, ரோச்சோர் ஆற்றுத் தண்ணீர் இருந்தது. எங்கள் பின்கட்டிலும் எருமை கட்டியிருந்தார்கள் என்று மாமா அடித்துச் சொல்வார். ஆதாரம் கேட்டால் முறைப்பார்.

லிட்டில் இந்தியா 1989இல் பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் முகப்பு, மரச் சன்னல்கள், ஓட்டுக்கூரை, கடை முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதை எதிலும் நம் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். “முற்றத்தை மூடினால் இன்னோர் அறை கிடைக்குமே, தம்பி” என்றார் மாமா. மூட விடமாட்டார்கள். விட்டாலும் மூடியிருக்கக் கூடாது: இருபக்கமும் பொதுச்சுவர் உள்ள நீண்ட வீட்டில் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் வேறு எங்கிருந்து வரும்?

பணத்தை விழுங்கியது சுவர்தான். முன்பு குடியிருந்தவர்கள் செங்கல் சுவர்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளித்து உதிர்ந்தது. அத்தனையையும் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசினோம். காயும்வரை பொறுக்க மனமில்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அடுத்தது தீப்பாதுகாப்பு. மரத்தளம் பழமையின் அழகு; தீ பிடித்தால் அதுவே ஆபத்து. தளத்துக்கு அடியில் தீத்தடுப்புப் பலகை, தானே மூடிக்கொள்ளும் கதவுகள், புகை எச்சரிக்கைக் கருவிகள் என்று வரைபடம் பலமுறை திருத்தப்பட்டது. இப்படிப் பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களில் பழகிய கட்டடக் கலைஞரை அமர்த்தியதால் தப்பித்தோம். கட்டணம் அதிகம்தான், ஆனால் அதில் சிக்கனம் பார்ப்பது அசட்டுத்தனம்.

ஹோட்டல் உரிமம் இவையெல்லாம் முடிந்த பிறகு வந்தது.

இன்றும் தீராத குறை ஒன்று உண்டு. மேலே யாராவது நடந்தால் கீழே படுத்திருப்பவருக்கு ஒவ்வோர் அடியும் கேட்கும். அதனால் கீழ் அறைகளுக்கு வாடகையைக் குறைத்துவிட்டு, காரணத்தையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறோம்.