பானையில் ஒரு பெயர்

கீழடி எவ்வளவு பழசு என்று நேற்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அங்கே நடந்த அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்று காலம் வந்ததை 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டது. சித்தப்பா அதைச் சிந்துவெளியோடு முடிச்சுப் போடுகிறார். பானைக் குறியீடுகளில் ஒற்றுமை இருக்கிறது, சரி. ஆனால் எல்லோரும் ஏற்கும்படி சிந்து எழுத்தை இன்னும் யாரும் படிக்கவில்லையே! அவசரப்பட வேண்டாம் என்றேன்.

என் மனசு நிற்பது கீழடியில் கிடைத்த ஒரு சின்னப் பானை ஓட்டில்தான். கூரான எதையோ வைத்து, தமிழின் பழைய எழுத்தான தமிழியில் கீறிய ஒரு பெயர்: 'ஆதன்'. அரசன் வெட்டிய கல்வெட்டு இல்லை, புழங்கிய பானை. விசேஷ வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் எவர்சில்வர் தூக்கில் அம்மா இன்றும் அப்படித்தான் பேர் வெட்டி வைக்கிறார்.