மீகாங்கைத் தாண்டி மினசோட்டாவுக்கு

சிகாகோவிலிருந்து மினசோட்டாவின் தலைநகர் செயின்ட் பாலுக்கு இரவு பஸ்ஸில் போகாதீர்கள். விமான டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று ஏறினால், உள்ளே ஹீட்டர் வேலை செய்யவில்லை. கேட்டதற்கு ஓட்டுநர், "கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். விறைத்துப்போய் இறங்கியவனிடம் டாக்சிக்காரர் மீட்டரையே தொடாமல் 40 டாலர் கறந்தார். என் கணக்கில் அது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. போதாக்குறைக்கு, "அந்தச் சந்தையில் என்ன இருக்கிறது? அவர்கள் ஏன்தான் இங்கே வந்து குவிந்தார்களோ" என்று ஒரு பேச்சு வேறு.

அவர் சொன்னது, லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் இன மக்களின் ஹ்மாங்டவுன் சந்தையை. மினசோட்டா சட்டமன்றக் கட்டடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பழைய மரக்கிடங்கு ஒன்றை 2004இல் சந்தையாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைப்புல், பாகற்காய், கடுகுக்கீரை எல்லாம் கலந்த வாசனை. சாப்பாட்டுப் பகுதியில் எலும்பை உருவிவிட்டு, கண்ணாடி நூடுல்சும் இறைச்சியும் கீரையும் திணித்துப் பொரித்த கோழி இறக்கை வாங்கினேன். ஒவ்வொன்றும் என் முஷ்டியை விடப் பெரியது. கூடவே ஊதா நிறத்தில் ஒட்டும் சோறு, உரலில் இடித்த பச்சைப் பப்பாளி சாலட். காரம் எவ்வளவு என்று கடைக்காரம்மா கேட்டார். "நிறைய" என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு மூன்று மிளகாய் போட்டார். இன்னும் இரண்டு கேட்டு வாங்கினேன். டாக்சி எரிச்சல் அங்கேயே கரைந்துவிட்டது.

துணிக்கடை வரிசையில் ஒரு பாட்டி. பின்சுவரில் பாயளவுக்கு ஒரு நீலத் துணி தொங்கியது. முழுக்க நூல் வேலை. மேலே சேவலும் சோளமும் கொண்ட மலைக் கிராமம், அதன்மேல் விமானங்கள். நடுவில் முதுகில் கூடை சுமந்த வரிசை. அப்புறம் ஆறு. அக்குளில் மூங்கிலைக் கட்டிக்கொண்டு நீந்துபவர்களை நோக்கிக் கரையிலிருந்து சிவப்பு நூலில் சின்னச் சின்னக் கோடுகள். குண்டுகள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தாய்லாந்து அகதி முகாம்களில்தான் இந்தக் கதைத் துணிகள் பெருகின. தலைமுறைகளாகப் பூவேலை செய்த கைகள் அங்கே போரைத் தைத்து விற்றன.

பாட்டி சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். ஊர் லாவோஸின் சியெங் குவாங் பக்கம். பாட்டியின் அப்பா, தளபதி வாங் பாவின் படையில் இருந்தவர். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக 1961 முதல் அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ. ரகசியமாகத் திரட்டி, ஆயுதமும் சம்பளமும் கொடுத்து நடத்திய படை அது. 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு. அதனால் வெளியே மூச்சு விடவில்லை. 1964க்கும் 1973க்கும் இடையே அமெரிக்கா அங்கே போட்டது 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டுகள். தரையில் செத்தவர்களில் ஏராளமானோர் ஹ்மாங் ஆண்கள். கடைசிக் காலத்தில் சிறுவர்களும்.

கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியதும், 1975 மே 14 அன்று லாங் தியெங் விமானத்தளத்திலிருந்து வாங் பாவ் பறந்துவிட்டார். அந்தச் சில நாட்களில் விமானம் ஏறியவர்கள் சுமார் 2,500 பேர்தான். ஓடுதளத்தில் காத்துக்கிடந்த ஆயிரக்கணக்கானோரில் பாட்டியின் குடும்பமும் ஒன்று. விமானம் வரவில்லை. காட்டுவழியாக நடந்தார்கள். அரிசி தீர்ந்ததும் கிழங்கு தோண்டித் தின்றார்கள். இரவில் தாய்லாந்து எல்லையான மீகாங் ஆற்றின் கரைக்கு வந்தபோது, கைக்குழந்தை அழுதால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம் என்று அம்மா தம்பிக்குக் கொஞ்சம் அபின் கொடுத்திருக்கிறார். பல குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. மறுகரையில் தம்பி கண் விழிக்கவில்லை. அந்த இடத்தில் பேத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். பாட்டி நிறுத்தவில்லை, மொழிபெயர்ப்பு இல்லாமலேயே சொல்லிக்கொண்டு போனார், ஒரு பெண் பாவாடை விலை கேட்டு வரும்வரை.

பிறகு தாய்லாந்தின் லோய் மாகாணத்து பான் வினாய் முகாமில் சில வருடங்கள். அங்கிருந்து தேவாலயம் ஒன்றின் பொறுப்பில், ஜனவரிப் பனியில், ரப்பர் செருப்போடு செயின்ட் பால். அந்த முகாம் 1992இல் மூடப்பட்டது. தாய்லாந்தின் வாட் தாம் கிரபோக் புத்த மடத்தில் எஞ்சியிருந்த சுமார் 15,000 பேர் 2004இலிருந்துதான் அமெரிக்கா வர முடிந்தது.

டாக்சிக்காரரின் கேள்வியே தலைகீழ். முதலில் இவர்களுடைய மலைக்குத் தேடிப் போனது அமெரிக்காதான்.

துணியின் விலை 350 டாலர். பேரம் பேச வாய் வரவில்லை, வாங்கவும் வக்கில்லை. உள்ளங்கை அகலப் பூவேலைத் துண்டு ஒன்றை 15 டாலருக்கு வாங்கிக்கொண்டேன்.

சட்டமன்ற வளாகத்தில் லாவோஸ் போர்வீரர்களுக்கான நினைவுச்சின்னத்தையும் பார்த்துவிடுங்கள். மூங்கில் குருத்து வடிவில் வெண்கலம்; உடம்பெல்லாம் அதே கதைத் துணிக் காட்சிகள். 2016இல்தான் வைத்தார்கள். போர் முடிந்து 41 வருடம்! கட்டணம் கிடையாது. சந்தைக்கு மட்டும் ரொக்கம் கொண்டுபோங்கள். நான் போன கடைகளில் பல அட்டை வாங்கவில்லை, அங்கிருந்த ஏ.டி.எம். என்னிடம் 4 டாலர் பிடுங்கிக்கொண்டது. காலையிலேயே போனால் கோழி இறக்கை சூடாகக் கிடைக்கும்.