ஏழு புள்ளியும் ஒரு பெருவிரலும்

2025 ஜூலை 14, திங்கள்

மேசையை ஒதுக்கும்போது, பயிற்சி வைத்தியர்களுக்கு நான் நிரப்பிக் கொடுத்த மதிப்பீட்டுப் படிவங்களின் பிரதிகள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் 7. குறிப்பெழுதும் இடத்தில் ‘நன்று’. சிலவற்றைக் கட்டிலருகே போகாமலே நிரப்பியது நினைவிருக்கிறது. வெட்கமாக இருந்தது. 1995இல் அமெரிக்காவில் மருத்துவக் கல்வி ஆய்வாளர் நோர்சினியும் குழுவினரும் ‘மினி-சிஇஎக்ஸ்’ (mini-CEX) என்ற இந்த மதிப்பீட்டு முறையை எழுதியபோது கேட்டது பெரிய காரியமில்லை. பயிற்சியில் இருப்பவர் நோயாளியைப் பார்ப்பதை நிபுணர் பக்கத்தில் நின்று கால்மணி, இருபது நிமிடம் கவனிக்க வேண்டும். உடனே சில நிமிடம் அவரோடு பேச வேண்டும். 1 முதல் 9 வரையான புள்ளி அதற்குப் பிறகுதான். நானோ புள்ளியை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

வேலணையிலிருந்து வந்த ஆச்சிக்கு, என்னிடம் நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார் பிள்ளை இன்சுலின் ஏற்றப் பழக்குவதை இன்று முழுதாகப் பார்த்தேன். கலங்கல் மருந்துக் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து உருட்டிக் காட்டியது அழகு. ஆனால் சிரிஞ்சில் ஆச்சிக்குரிய 14 அலகு வரை இழுத்தபோது அவருடைய பெருவிரல் இலக்கத்தை மறைத்துவிட்டது. ஆச்சி எட்டிப் பார்த்தார், தெரியவில்லை.

“விளங்கினதா அம்மா?”

“ஓம் பிள்ளை.”

டொக்டரைச் சிரமப்படுத்தக் கூடாதென்று நம் ஊர் முதியவர்கள் சொல்லும் ‘ஓம்’ அது. இன்னொன்றும் விடுபட்டது: விரதம். நான் கேட்டபோதுதான் ஆச்சி, வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர்தான் என்றார். விரதங்கள் கூடும் நல்லூர்த் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைகூட இல்லை. வழமையான அளவை ஏற்றிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி மயங்கி விழுந்துவிடுவார்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு நிபுணர் நோயாளிகள் முன்னிலையில் என் கையிலிருந்த டிக்கெட்டை, அதாவது நோயாளியின் குறிப்பேட்டை, பிடுங்கி வீசினார். என்ன பிழை விட்டேன் என்பது இன்றுவரை தெரியாது. வீசியது மட்டும் மறக்கவில்லை. அதனால் பிள்ளையைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று முதலில் அவரையே சொல்லவிட்டேன். விரதத்தை அவரே பிடித்துக்கொண்டார். பெருவிரலை நான் சொன்னேன். தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இதை இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே, சேர். போன மாதம் நீங்களும் 7 போட்டீர்கள்.”

“பார்க்காமல் போட்டேன் பிள்ளை. என் பிழை” என்றேன்.

இம்முறை நோயாளிக்கு விளக்கும் திறனுக்கு 5. கீழே, பார்த்ததைப் பார்த்தபடி நான்கு வரி.

ஜூலை 17, வியாழன்

அந்த 5 உறுத்துகிறது. 4 முதல் 6 வரை திருப்தி என்பதுதான் அளவுகோல். 7க்குக் குறைந்தாலே அவமானம் என்று பழக்கிவைத்தவர்கள் நாங்கள்.

ஜூலை 18, வெள்ளி

ஆச்சி வீட்டுக்குப் போகும் நாள். விரத நாளில் அளவை எவ்வளவு குறைப்பது, தலை சுற்றினால் என்ன செய்வது என்று பிள்ளை சொல்லிக் கொடுத்தார். ‘விளங்கினதா’ என்று கேட்கவில்லை. சிரிஞ்சை ஆச்சியின் கையில் கொடுத்து, “நீங்கள் இழுத்துக் காட்டுங்கள் அம்மா” என்றார். ஆச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிச்சத்துக்குத் திரும்பி, மெல்ல இழுத்தார். 16இல் நின்றது. பிள்ளை வாய் திறக்கவில்லை. ஆச்சி தானே பார்த்து இரண்டைத் திருப்பித் தள்ளினார்.